பிக்சல் 4ஏ-வின் பூட்லோடரைத் திறந்து லீனியேஜ் நிறுவலாமா?

2020 இறுதியில் வாங்கிய பிக்சல் 4ஏ இன்னும் நன்றாகவே ஓடுகிறது, ஆனால் 2023 ஆகஸ்டோடு அதற்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. பூட்லோடரை (போனை இயக்கியதும் இயங்குதளத்தை ஏற்றும் நிரலை) திறந்து, தன்னார்வலர்கள் தரும் மாற்று ஆண்ட்ராய்டான லீனியேஜ் ஓஎஸ் நிறுவினால் இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாமா, நடுவில் போன் செத்துவிடுமா, அதன் பிறகு வங்கிச் செயலிகளும் யுபிஐ-யும் வேலை செய்யுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுவலாம், அதற்கு ஒரு மாலை நேரம் போதும். இந்த மாடலில் போன் முற்றிலும் செத்துப்போகும் வாய்ப்பு மிகக் குறைவு. முடிவைத் தீர்மானிக்க வேண்டியது உங்கள் மூன்றாவது கேள்விதான். பூட்லோடரைத் திறந்த போனை இனி யார் நம்புவார்கள், யார் நம்ப மாட்டார்கள் என்பதைப் பற்றிய கேள்வி அது. பெரும்பாலானோர் முதல் இரண்டையும் பற்றியே கவலைப்பட்டு, நிறுவி முடித்த பிறகுதான் மூன்றாவதில் போய் முட்டிக்கொள்கிறார்கள்.

பூட்டு எதுவென்று முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். திரையைத் திறக்க நீங்கள் வைத்திருக்கும் பின் எண்ணுக்கும், வேறு நிறுவனத்தின் சிம் கார்டை ஏற்க மறுக்கும் பூட்டுக்கும் இது வேறானது. போனை இயக்கியதும், சிப்புக்குள் மாற்ற முடியாதபடி பதிந்திருக்கும் ஒரு சிறு நிரல் முதலில் ஓடி, பூட்லோடரின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்து அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. பூட்லோடர் தன் பங்குக்கு, இயங்குதளத்தின் மையமான கெர்னல் அடங்கிய பகுதியின் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. கெர்னல் எழுந்த பின், சிஸ்டம் பகுதியின் ஒவ்வொரு துண்டும் படிக்கப்படும் அதே நேரத்தில் சரிபார்க்கப்படுகிறது. பூட்லோடர் பூட்டியிருக்கிறது என்றால், கூகுளின் சாவியாலோ உரிமையாளர் தானே பதித்த சாவியாலோ ஒப்பமிடாத எந்த மென்பொருளையும் அந்தப் போன் தொடங்காது. திறந்துவிட்டால் ஒப்பம் பொருந்தாவிட்டாலும் தொடங்கும். ஆனால் ஒவ்வொரு முறை போனை இயக்கும்போதும், இந்தப் போனின் மென்பொருள் நம்பகமானது என்று உறுதி கூற முடியாது என்றொரு எச்சரிக்கைத் திரை சில விநாடிகள் வந்து போகும். அந்தத் திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அது சொல்வது உண்மை.

திறக்கும் நொடியில் போனில் உள்ள புகைப்படம், செய்தி, செயலி எல்லாம் அழிந்துவிடும். வாங்குபவரைத் தண்டிப்பதற்காக வைத்த விதி என்று பலர் இதைத் திட்டுகிறார்கள், அது அப்படியல்ல. திருடன் ஒருவன் உங்கள் போனை எடுத்துப் போய்ப் பூட்லோடரைத் திறந்து, தனக்கு வேண்டிய நிரலை ஏற்றி, உங்கள் தரவைப் படிக்க முடியும் என்றால் பின் எண் வைத்துப் பயனேயில்லை. ஆகவே திறப்பதும் அழிப்பதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக வைக்கப்பட்டிருக்கின்றன. டெவலப்பர் அமைப்புகளுக்குள் இருக்கும் ‘ஓஇஎம் அன்லாக்கிங்’ என்ற சுவிட்சும் அதே காரணத்துக்காகத்தான் இருக்கிறது. பின் எண் தெரிந்தவர் உள்ளே சென்று அதை இயக்கினாலொழிய, கணினியிலிருந்து வரும் திறப்புக் கட்டளையைப் போன் ஏற்காது.

இந்த ஒழுங்கு ஆண்ட்ராய்டு பிறந்தபோதே இருந்ததன்று. 2008-இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனான எச்டிசியின் ஜி1-இல், விசைப்பலகையில் தட்டும் எழுத்துகள் எல்லாம் பின்னணியில் ரூட் அதிகாரம், அதாவது போனில் எதையும் மாற்றும் முழு அதிகாரம், உள்ள ஒரு ஷெல்லுக்கும் (கட்டளைகளை ஏற்கும் நிரலுக்கும்) போய்க்கொண்டிருந்தன. ‘ரீபூட்’ என்று ஆங்கிலத்தில் தட்டி எண்டர் அழுத்தினால் போன் உண்மையாகவே அணைந்து எழுந்தது. அந்த ஓட்டை வழியாகத்தான் மாற்று மென்பொருள் முதலில் உள்ளே வந்தது. கூகுளின் நெக்சஸ் ஒன் 2010 ஜனவரியில் வந்தபோது, ஓட்டையைத் தேட வேண்டிய தேவையில்லாமல் உரிமையாளரே ஒரு கட்டளையால் திறக்கும் வழி முறையாகவே தரப்பட்டது. பிக்சல் வரிசை அந்த மரபின் தொடர்ச்சி. உங்கள் போனில் இந்த வேலை எளிதாக இருப்பதற்கு அதுவே காரணம்.

லீனியேஜின் பின்னணியையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நிறுவும்போது எழும் ஒரு குழப்பத்துக்கு விடை அதில் இருக்கிறது. ஸ்டீவ் கோண்டிக் என்ற நிரலாளர் 2009-இல் தொடங்கிய சயனோஜென்மாட் என்ற மாற்று ஆண்ட்ராய்டுதான் இதன் தாய். அதே ஆண்டு செப்டம்பரில் கூகுள் அவருக்குச் சட்ட அறிவிப்பு அனுப்பியது. ஆண்ட்ராய்டின் மூல நிரல் திறந்தது, யாரும் எடுத்துக்கொள்ளலாம்; ஆனால் ஜிமெயில், மேப்ஸ், பிளே ஸ்டோர் (அன்று ஆண்ட்ராய்டு மார்க்கெட்) போன்ற கூகுள் செயலிகள் திறந்தவை அல்ல, அவற்றைச் சேர்த்து வெளியிட உரிமமில்லை என்பது கூகுளின் வாதம். அன்றிலிருந்து இயங்குதளம் ஒரு கோப்பு, கூகுள் செயலிகள் வேறொரு கோப்பு என்ற பிரிவினை நிலைத்துவிட்டது. பின்னாளில் சயனோஜென் ஒரு நிறுவனமாகவும் வளர்ந்தது. 2014 டிசம்பரில் இந்தியாவில் அதன் மென்பொருளைத் தரும் தனியுரிமை மைக்ரோமேக்ஸுக்கா, ஒன்பிளஸுக்கா என்று டெல்லி உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது. 2016 இறுதியில் அந்த நிறுவனம் தன் சேவைகளை மூடிக்கொண்டது. தன்னார்வலர்கள் அதே நிரலை எடுத்து லீனியேஜ் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். 2024-இன் கடைசி நாளில் ஆண்ட்ராய்டு 15-ஐ அடிப்படையாகக் கொண்ட லீனியேஜ் 22 வந்தது. கூகுள் ஆண்ட்ராய்டு 13-ஓடு கைவிட்ட உங்கள் 4ஏ-வுக்கும் அது வந்தது.

இனி 4ஏ-வுக்கே உரிய ஒரு விஷயம். நிறுவும் முறையை விளக்கும் பக்கங்களில் இதை நீங்கள் எளிதில் காண மாட்டீர்கள். 2025 ஜனவரியில், ஆதரவு முடிந்து ஓராண்டுக்கும் மேலான பிறகு, கூகுள் இந்த மாடலுக்கு ஒரு கட்டாயப் புதுப்பிப்பை அனுப்பியது. குறிப்பிட்ட சில போன்களில் பேட்டரியின் பயன்படு கொள்ளளவையும் சார்ஜ் ஆகும் விதத்தையும் அது குறைத்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவசப் பேட்டரி மாற்றம் அல்லது இழப்பீடு என்று ஒரு திட்டத்தையும் அறிவித்தது. பழைய மென்பொருள் கோப்புகளைத் தன் பதிவிறக்கப் பக்கத்திலிருந்து நீக்கியும் விட்டது. ஆஸ்திரேலியாவில் வெளியான பொருள் பாதுகாப்பு அறிவிப்பு, பேட்டரி அளவுக்கு மீறிச் சூடாகித் தீப்பிடிக்கக்கூடும் என்று காரணத்தை வெளிப்படையாகவே சொன்னது. அந்தக் குறைப்பிலிருந்து தப்பிக்கலாம் என்ற எண்ணத்தில் அப்போது பலர் லீனியேஜுக்குத் தாவினார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். குறைப்பு எரிச்சலூட்டுவதுதான், ஆனால் அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. வேறு மென்பொருளைப் போட்டு அதைத் தாண்டினால் 3140 மில்லிஆம்பியர் மணி பேட்டரியோடு அந்த ஆபத்தும் உங்கள் சட்டைப்பைக்குத் திரும்பி வருகிறது. ஐந்தாண்டு பழைய பேட்டரி எப்படியும் மாற்ற வேண்டியதுதான். முதலில் அதை நல்ல கடையில் மாற்றிவிட்டு, பிறகு மென்பொருளைப் பற்றி யோசியுங்கள்.

தொடங்கும் முன் செய்ய வேண்டியவற்றில் காப்புப் பிரதி எடுப்பது அனைவரும் அறிந்தது. மறந்துபோவது வேறு இரண்டு. இருபடிச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க எண்களைத் தரும் செயலியில் உள்ள கணக்குகளை வேறு போனுக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் மின்னஞ்சலுக்குள்ளேயே நுழைய முடியாமல் தவிப்பீர்கள். வாட்ஸ்அப் காப்புப் பிரதிக்கு மறைகுறியாக்கக் கடவுச்சொல் வைத்திருந்தால், அது நினைவிருக்கிறதா என்று இப்போதே சோதித்துப் பார்க்க வேண்டும். அடுத்து, போனில் கூகுளின் கடைசி ஆண்ட்ராய்டு 13 பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மோடம் போன்ற பாகங்களை இயக்கும் உள்நிரலான ஃபர்ம்வேரை லீனியேஜ் தன்னோடு கொண்டுவருவதில்லை. ஏற்கெனவே போனில் இருப்பதன் மேல்தான் அது அமர்கிறது. பிக்சலில் ஒவ்வொரு முக்கியப் பகுதிக்கும் ஏ, பி என்று இரண்டு ஸ்லாட்டுகள் உண்டு. ஒன்றில் புதிய ஃபர்ம்வேரும் மற்றொன்றில் பழையதும் இருந்தால் முதல் புதுப்பிப்பின்போதே சிக்கல் வரலாம் என்பதால், இரண்டையும் ஒன்றாக்கும் ஒரு சிறிய கோப்பையும் லீனியேஜின் விக்கி தருகிறது. அதைத் தவறவிடாதீர்கள்.

அமைப்புகளில் பில்ட் எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் பகுதி தோன்றும். அங்கே யுஎஸ்பி டீபக்கிங், ஓஇஎம் அன்லாக்கிங் இரண்டையும் இயக்க வேண்டும். இரண்டாவது சாம்பல் நிறத்தில் செயலற்றுக் கிடந்தால் போனை இணையத்தோடு இணைத்துச் சற்றுப் பொறுத்துப் பாருங்கள், பல நேரங்களில் அதுவே போதும். அதன் பிறகும் மாறாவிட்டால், அந்தப் போன் அமெரிக்காவின் வெரைசன் நிறுவனத்துக்காக விற்கப்பட்டதாக இருக்கலாம். உறவினர் அங்கிருந்து கொண்டுவந்ததிலும் இரண்டாம் கையாக வாங்கியதிலும் இது நேர்வதுண்டு. வெரைசன் மாடல்களைத் திறக்க முறையான வழி எதுவுமில்லை, ஆகவே அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இந்தியாவில் விற்பனைக்கு வந்த 4ஏ-வில் இந்தத் தடை இல்லை.

சுவிட்ச் இயங்கினால், போனை அணைத்து, ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்து அழுத்தி, கணினியின் கட்டளைகளை ஏற்கும் ஃபாஸ்ட்பூட் நிலைக்குக் கொண்டுபோய்க் கணினியோடு இணைக்க வேண்டும். கணினியில் கூகுளே தரும் ‘பிளாட்ஃபார்ம் டூல்ஸ்’ தொகுப்பு இருக்க வேண்டும். விண்டோஸ் என்றால் கூகுளின் யுஎஸ்பி டிரைவரும் தேவை; கணினி போனைக் காணவில்லை என்று வரும் புலம்பல்களில் பெரும்பாலானவை இந்த டிரைவர் இல்லாததாலோ, சார்ஜ் செய்ய மட்டுமே உதவும் மலிவான கேபிளாலோ வருபவை. திறக்கும் கட்டளையைக் கணினியிலிருந்து அனுப்பியதும் போனின் திரையில் ஓர் உறுதிமொழி கேட்கும். ஒலிப் பொத்தானால் தேர்ந்தெடுத்துப் பவர் பொத்தானால் சம்மதித்தால், தரவு அழிந்து, பூட்லோடர் திறந்துவிடும். அவ்வளவுதான் திறப்பு.

அடுத்து, லீனியேஜின் ரிக்கவரியை (இயங்குதளத்தை நிறுவ உதவும் சிறு நிரலை) போனில் எழுதி, அதற்குள் நுழைந்து, தரவுப் பகுதியை ஃபார்மேட் செய்து, இயங்குதளக் கோப்பைக் கணினியிலிருந்து ‘சைட்லோட்’ முறையில் அனுப்ப வேண்டும். கட்டளைகளை இங்கே எழுதாமல் விடுவது வேண்டுமென்றேதான். அவை பதிப்புக்குப் பதிப்பு மாறுகின்றன, 4ஏ-வின் ‘சன்ஃபிஷ்’ என்ற குறிப்பெயரில் லீனியேஜ் வைத்திருக்கும் விக்கிப் பக்கத்தில் அன்றைய நிலவரப்படி இருப்பதையே வரி தவறாமல் பின்பற்ற வேண்டும். ஆனால் அங்கே போகும்போது பதறவைக்கும் இரண்டு இடங்களை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கோப்பு போய்க்கொண்டிருக்கும்போது கணினித் திரையில் கணக்கு 47 விழுக்காட்டில் நின்று, தோல்வி என்ற சொல்லையும் வெற்றி என்ற சொல்லையும் ஒரே வரியில் காட்டி முடியலாம். போனின் திரையில் பிழை எதுவும் இல்லையென்றால் வேலை முடிந்துவிட்டது என்றே பொருள், கேபிளைப் பிடுங்கி மறுபடி தொடங்காதீர்கள். கூகுள் செயலிகளின் கோப்பை அனுப்பும்போது கையொப்பம் பொருந்தவில்லை என்று ரிக்கவரி கேட்கும். அந்தக் கோப்பு லீனியேஜின் சாவியால் ஒப்பமிட்டதல்ல என்பதால் அது எதிர்பார்த்ததே, தொடரலாம். கூகுள் செயலிகள் வேண்டுமென்றால் இயங்குதளம் முதன்முறை எழுவதற்கு முன்பே, ரிக்கவரியை ஒருமுறை மறுதொடக்கம் செய்துவிட்டு அவற்றை நிறுவிவிட வேண்டும். ஒருமுறை எழுந்த பிறகு சேர்த்தால் செயலிகள் அடுக்கடுக்காக முறியும், பிறகு மீண்டும் எல்லாவற்றையும் அழித்துத் தொடங்க வேண்டியதாகும்.

போன் செத்துவிடுமா என்பதற்கு வருவோம். இயங்குதளம் எழாமல் லோகோவிலேயே சுற்றிக்கொண்டிருப்பதைப் பலரும் ‘பிரிக் ஆகிவிட்டது’ என்கிறார்கள். பிக்சலில் ஃபாஸ்ட்பூட் நிலைக்குள் போக முடிகிறவரை அது சாவு ஆகாது. கூகுளின் உலாவிவழி ஃபிளாஷ் கருவி, குரோம் உலாவியிலிருந்தே மூல மென்பொருளைத் திரும்ப எழுதிக் கொடுத்துவிடும். உண்மையில் போனைக் கொல்லக்கூடியவை மூன்று. வேறு மாடலின் பூட்லோடர் கோப்பை எழுதுவது ஒன்று. ஃபர்ம்வேர் எழுதப்படும் நடுவில் கேபிள் கழல்வது மற்றொன்று. மூன்றாவதுதான் அறிந்தவர்களும் செய்யும் பிழை: லீனியேஜ் போனில் இருக்கும்போதே, எச்சரிக்கைத் திரை பிடிக்கவில்லை என்பதற்காகப் பூட்லோடரை மறுபடி பூட்டுவது. பூட்டியதும் போன் கூகுளின் ஒப்பத்தைத் தேடும், கிடைக்காது, எழ மறுக்கும். ஓஇஎம் அன்லாக்கிங் சுவிட்சும் அதற்கு முன் அணைக்கப்பட்டிருந்தால், உள்ளே போய் அதை இயக்கவும் வழியில்லை, வெளியிலிருந்து திறக்கவும் வழியில்லை. மூல மென்பொருளுக்கு முழுமையாகத் திரும்பி, அது ஒழுங்காக எழுவதைக் கண்ணால் பார்த்த பிறகே பூட்ட வேண்டும்.

இப்போது வங்கிச் செயலிகள். செயலி ஒன்று தான் ஓடும் போன் நம்பகமானதா என்று கூகுளைக் கேட்கும் ஏற்பாட்டுக்குப் பிளே இன்டெக்ரிட்டி என்று பெயர். முன்பு சேஃப்டிநெட் என்று இருந்ததன் வாரிசு. விடை மூன்று படிகளில் வரும்: அடிப்படை, சாதனம், வலுவானது. திறந்த பூட்லோடரில் வலுவான படி ஒருபோதும் கிடைக்காது. நடுப்படிக்கு முன்பெல்லாம் மென்பொருள் அளவிலான சரிபார்ப்பே போதுமாக இருந்ததால், போன் தன்னைப் பற்றிப் பொய் சொல்லித் தப்பிக்க முடிந்தது. 2025 மே மாதத்திலிருந்து, ஆண்ட்ராய்டு 13-உம் அதற்கு மேலும் உள்ள போன்களில், நடுப்படிக்கும் வன்பொருளே சாட்சி சொல்ல வேண்டும் என்று கூகுள் மாற்றியது. பூட்லோடர் திறந்திருப்பதை உள்ளிருக்கும் பாதுகாப்புச் சிப் தன் கையொப்பத்தோடு சொல்லிவிடும். மென்பொருளால் அந்தச் சாட்சியைத் திருத்த முடியாது.

இந்தியாவில் இதற்கு ஒரு கூடுதல் காரணமும் உண்டு. ரிசர்வ் வங்கி 2021 பிப்ரவரியில் வெளியிட்ட டிஜிட்டல் பணப் பரிமாற்றப் பாதுகாப்பு நெறிமுறைகளில், ரூட் செய்யப்பட்ட போன்களைக் கண்டறிந்து அவற்றில் செயலி இயங்காமல் தடுக்கும் சாத்தியத்தை நிறுவனங்கள் ஆராயலாம் என்றிருக்கிறது. ரூட் செய்வதும் பூட்லோடரைத் திறப்பதும் ஒன்றல்ல. லீனியேஜை அப்படியே நிறுவினால் ரூட் அதிகாரம் யாருக்கும் கிடைப்பதில்லை. ஆனாலும் வங்கிகளின் செயலிகள் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதே வழக்கமாகிவிட்டது. சில வங்கிகள் கண்டுகொள்வதில்லை, சில எச்சரித்துவிட்டு விடுகின்றன, சில திறந்த உடனே மூடிக்கொள்கின்றன. இன்று ஓடும் செயலி அடுத்த பதிப்பில் ஓடாமல் போகலாம் என்பதால், ‘எனக்கு வேலை செய்கிறது’ என்று யாரோ போன மாதம் எழுதியதை நம்பி முடிவெடுக்க முடியாது. உலாவி வழியாக நெட் பேங்கிங் ஓடும், குறுஞ்செய்தியில் ஓடிபி வரும், நட்சத்திரம் 99 ஹேஷ் வழி யுபிஐ-யும் இருக்கிறது. கடையில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பணம் கொடுத்துப் பழகியவருக்கு இவை ஈடாகாது என்பதை நானும் அறிவேன்.

மறைத்துவிடலாமே என்று அடுத்து யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். மேஜிஸ்க் போன்ற கருவியால் ரூட் எடுத்து, அதன்மேல் ஒரு மாட்யூலை ஏற்றி, வேறு ஏதோ போனிலிருந்து கசிந்த சான்றிதழ்ச் சாவியைக் கொண்டு கூகுளை நம்பவைக்கும் வித்தை அது. கசிந்த சாவியைக் கூகுள் கண்டுபிடித்து ரத்து செய்யும், புதியதொன்று கசியும், அதுவும் ரத்தாகும். இந்த ஓட்டத்தின் அலைச்சலைவிட என்னை உறுத்துவது வேறொன்று. யார் எழுதியது என்று தெரியாத ஒரு மாட்யூலுக்குப் போனின் முழு அதிகாரத்தையும் கொடுத்துவிட்டு, அதே போனில் வங்கிக் கணக்கைத் திறப்பது, பாதுகாப்புக்காகப் புதிய இயங்குதளத்தைத் தேடியவர் செய்யும் காரியமாக எனக்குத் தோன்றவில்லை. ரூட் வேண்டும் என்று வேறு காரணம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், வங்கிக்காக எடுக்காதீர்கள்.

பாதுகாப்பு உண்மையில் எவ்வளவு கூடுகிறது என்பதையும் மிகைப்படுத்தாமல் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டின் திறந்த பகுதிக்கு வெளியாகும் திருத்தங்களை லீனியேஜ் சேர்த்துக்கொண்டே வரும். மீடியா கோப்பு, புளூடூத் போன்ற வழிகளில் வரும் பெரும்பாலான ஆபத்துகள் அதில் அடைபடும். ஆனால் மோடம், கிராஃபிக்ஸ், கேமரா ஆகியவற்றின் மூடிய நிரல்கள் குவால்காமும் கூகுளும் கடைசியாகக் கொடுத்த நிலையிலேயே உறைந்திருக்கும். அமைப்புகளில் லீனியேஜ் பாதுகாப்புத் திருத்த நாளையும் ‘வெண்டர்’ திருத்த நாளையும் தனித்தனியாகக் காட்டுவது இதனால்தான். முன்னது புதிதாகவும் பின்னது பழையதாகவும் இருக்கும். 4ஏ-வின் கெர்னல் 4.14 வரிசையைச் சேர்ந்தது. லினக்ஸ் தரப்பில் அந்த வரிசையின் பராமரிப்பு 2024 ஜனவரியில் முடிந்துவிட்டது, அதற்குப் பின் வரும் ஓட்டைகளைத் தன்னார்வலர்கள் தேடித்தேடி அடைக்க வேண்டியிருக்கிறது. இதனோடு, பூட்லோடர் திறந்திருப்பதால், உங்கள் போனைச் சில நிமிடம் கையில் வைத்திருப்பவர் பூட் பகுதியை மாற்றிவிட்டுத் திருப்பிக் கொடுக்கவும் முடியும். பின் எண்ணோடு பிணைந்த மறைகுறியாக்கம் திறந்த நிலையிலும் இயங்குவதால், தொலைந்த போனிலிருந்து தரவை எடுப்பது எளிதாகிவிடாது. ஆகவே, கைவிடப்பட்ட ஆண்ட்ராய்டு 13-ஐவிட இணையவழித் தாக்குதலுக்கு லீனியேஜ் மேல். போனைக் கையில் எடுப்பவரின் தாக்குதலுக்கு அது கீழ். பெரும்பாலானோருக்கு முதலாவதுதான் முக்கியம்.

இந்த இரண்டாவது குறையையும் போக்கும் வழி ஒன்று உண்டு. பிக்சல்களில் உரிமையாளர் தன் சொந்தச் சாவியைப் பதித்து, மாற்று இயங்குதளத்தோடேயே பூட்லோடரை மறுபடி பூட்ட முடியும். பிக்சல்களுக்கான இன்னொரு மாற்று இயங்குதளமான கிராஃபீன் ஓஎஸ் அந்த வசதியை முழுமையாகப் பயன்படுத்துகிறது. அப்படிப் பூட்டிய பின் போனைக் கையில் எடுப்பவரால் பூட் பகுதியை மாற்ற முடியாது. ஆனால் வங்கிச் செயலிகளுக்கு அதுவும் முழுத் தீர்வாகாது, ஏனெனில் அங்கே கேள்வி பூட்டு இருக்கிறதா என்பதோடு நிற்காமல், கூகுள் சான்றளித்த மென்பொருளா என்பதுவரை போகிறது. மேலும் அந்தத் திட்டம் இன்னும் ஆதரவுள்ள புதிய பிக்சல்களையே முதன்மையாகக் கருதுகிறது என்பதால் 4ஏ-வுக்கு அது பொருந்தாது. அடுத்த போன் வாங்கும்போது நினைவில் வையுங்கள்.

உங்களிடம் பிக்சல் இருப்பது நல்வாய்ப்பு என்பதை மற்ற நிறுவனங்களைப் பார்த்தால் தெரியும். சாம்சங்கில் மாற்று மென்பொருளை எழுதியதும் சிப்புக்குள் ஒரு மின்னிழை நிரந்தரமாக எரிந்துவிடும். மூல மென்பொருளுக்குத் திரும்பினாலும் சாம்சங் பே, செக்யூர் ஃபோல்டர் திரும்ப வராது. ஷாவ்மியில் கணக்கோடு பிணைத்து, வழக்கமாக 168 மணி நேரம்வரை காத்திருக்கவைத்தே திறக்கவிட்டார்கள். அவர்களின் புதிய இயங்குதளமான ஹைப்பர்ஓஎஸ் வந்த பிறகு நிபந்தனைகள் இன்னும் கூடிவிட்டன. ஹுவாவே 2018 ஜூலையில் திறப்புக் குறியீடு தருவதையே நிறுத்திவிட்டது. விவோவில் பொதுமக்களுக்கான முறையான வழி கிடையாது.

நிறுவும் முன் உங்கள் சிம்கள் எந்த நிறுவனத்துடையவை என்றும் பாருங்கள். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி வலைகளே கிடையாது. 4ஜி வலை வழியாகவே பேசவைக்கும் வோல்ட்டி இயங்காவிட்டால் குரல் அழைப்பே இல்லை. சாம்சங் போன்களில் வோல்ட்டி அந்நிறுவனத்தின் மூடிய நிரலைச் சார்ந்திருப்பதால் மாற்று இயங்குதளங்களில் அது பெரும்பாலும் இயங்குவதில்லை. பிக்சலில் அந்தச் சிக்கல் குறைவு. ஆனாலும் நிறுவிய உடனே, பழைய செயலிகளை எல்லாம் ஏற்றுவதற்கு முன், இரு சிம்களிலிருந்தும் ஓர் அழைப்புச் செய்து பார்த்துவிடுங்கள்.

டெலிகிராம் குழுக்களில் இதைவிட அழகான, இதைவிட வேகமான ரோம் (மாற்று இயங்குதளம்) என்று கிடைப்பவற்றில் எச்சரிக்கை தேவை. ஆண்ட்ராய்டின் மூல நிரலோடு சோதனைக்கென்று சில சாவிகள் வருகின்றன. அவை உலகத்துக்கே தெரிந்தவை. தனிச் சாவி உருவாக்கச் சோம்பல்பட்டு அவற்றாலேயே ஒப்பமிட்டு வெளியிடும் ரோம்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட போனில், அதே சாவியால் ஒப்பமிட்ட எந்தச் செயலியும் இயங்குதளத்தின் ஒரு பகுதியாகவே நடந்துகொள்ள முடியும். செயலிகளை அவற்றின் எல்லைக்குள் நிறுத்தும் எஸ்இலினக்ஸ் காவலை அணைத்துவிட்டு வெளியிடுபவையும் உண்டு. அதிகாரபூர்வப் பட்டியலில் உங்கள் மாடல் இருக்கும்வரை அங்கிருந்து எடுங்கள், பதிவிறக்கிய கோப்பு மாறவில்லை என்று உறுதிசெய்ய அதன் ஷா256 எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆகவே, இந்த 4ஏ உங்களிடம் உள்ள ஒரே போன், யுபிஐ இல்லாமல் ஒருநாளும் நகராது என்றால் திறக்காதீர்கள்; புதுப்பிப்பு வரும் வேறொரு போனுக்கு மாறுவதே பொருத்தம். வங்கி வேலைக்கு மலிவான இன்னொரு போன் இருந்தாலோ வாங்கும் எண்ணம் இருந்தாலோ தாராளமாகத் திறந்து லீனியேஜ் நிறுவுங்கள்; படிக்க, பேச, படம் எடுக்க, வழி பார்க்க இந்தச் சின்ன போன் இன்னும் நன்றாக உழைக்கும். பிடிக்காமல் போனால் திரும்பவும் வழி இருக்கிறது: கூகுளின் ஃபிளாஷ் கருவியால் மூல மென்பொருளை எழுதி, போன் எழுவதைச் சரிபார்த்து, பிறகு பூட்ட வேண்டும். பூட்டும்போதும் தரவு முழுவதும் அழியும். கூகுளிடம் இப்போது மிஞ்சியிருப்பது அந்தப் பேட்டரிக் குறைப்போடு வந்த பதிப்பு என்பதால், திரும்பிப் போனால் அதற்குத்தான் போவீர்கள்.